மதில் பக்கத்துக் கொழுந்து

பங்குனி பத்தாம் தேதி வாக்கில்
இட்லிப்பூச் செடி கொழுந்து விட்டது.
இந்தச் செடிக்குக் கொழுந்து
பிறக்கும்போதே செம்பு நிறம்தான்.
அதனால் முதல் வாரம் ஏமாந்துவிட்டேன்.
தொட்டுப் பார்த்த அன்று
விரலோடு நொறுங்கி வந்தது
அப்பளம் உடைகிற சத்தத்தில்.

வெண்ணாறு மணலாய்க் கிடக்கிற மாதம்.
போர் தண்ணீர் உப்பேறிவிட்டதா என்று
நாக்கில் விட்டுப் பார்த்தேன்.
உப்புதான். ஆனால் போன வருஷமும்
இதே உப்பு, இதே செடி.
வேரோரம் கிளறினேன்.
களிமண் இறுக்கிப் பிடித்திருந்த வேர்கள்
வெள்ளையாகவே இருந்தன, அழுகல் வாடையில்லை.
வெள்ளைத்தாள் விரித்து ஒரு கிளையைத் தட்டினேன்,
பேன் இருந்தால் உதிர்ந்து ஓடும் என்றார்கள்.
உதிர்ந்தது ஒரே ஒரு எறும்பு,
அதுவும் கோபமாக.

உரக்கடை மதியழகன்
செல்போன் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்து
முந்நூற்று நாற்பது ரூபாய்க்கு ஒரு மருந்தை எடுத்து வைத்தான்.
என்ன நோய் என்றேன்.
'அடிச்சுப் பாருங்க, அப்புறம் தெரியும்.'
தையல்நாயகி கண்ணேறு என்றாள்,
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
தெற்கு வரப்பில் களைக்கொல்லி அடித்த
புண்ணியமூர்த்தி மேல் இரண்டு நாள் சந்தேகம்.
அவன் வீட்டு மீட்டர் பார்க்கப் போனபோது
மோர் கொடுத்தான். குடித்தேன்.
சந்தேகம் போகவில்லை,
மோர் நன்றாகத்தான் இருந்தது.

நான் மின்வாரியக் கணக்கீட்டாளன்.
நாளைக்கு இருநூறு வீடு.
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால்
நெல் வேகன்களைக் கோத்து முடிக்கிறவரை
வண்டியில் உட்கார்ந்து
பார்த்துவந்த எண்களையே திரும்பப் பார்ப்பேன்.
எண் எகிறினால் காரணம் கேட்க மாட்டோம்.
எழுதுவதுதான் வேலை.

கடைசி வாரம் எங்கள் தெரு.
பக்கத்து வீட்டு வாசலில்
வெள்ளைச் செருப்பு, ஒன்று குப்புறக் கிடந்தது.
செலின் சிஸ்டருக்கு மன்னார்குடி பெரியாஸ்பத்திரியில் இரவு டூட்டி,
காலை ஏழேகால் பஸ்ஸில் வந்து
நாங்கள் சாம்பார் தாளிக்கும் நேரத்தில் உறங்கப் போகிறவர்.
போன முறை நூற்று முப்பத்தெட்டு யூனிட்.
இந்த முறை அறுநூற்றுப் பன்னிரண்டு.
சரிதானா என்று கேட்டது கையிலிருந்த மெஷின்.
சரி என்று அழுத்திவிட்டுத் திரும்பினேன்.

சுவரில் புது ஏசியின் வெளிப்பெட்டி.
அதன் விசிறி மதிலைத் தாண்டி
நேராக என் செடியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது,
உச்சி வெயிலில்.
இந்தப் பக்கம் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது,
நெஞ்சு உயரத்தில்
ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கருகல்.
தட்டுக்கு வெளியே எல்லாம் பச்சை.
எந்தப் பூச்சியும் இத்தனை ஒழுங்காக
வட்டம் போட்டு மேயாது.
பதினைந்து நாள் என் பக்கத்திலிருந்தே
இலையைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கதவைத் தட்டக் கை போனது.
உள்ளே ஒருத்தி
யார் யாருக்கோ விழித்திருந்துவிட்டு
இப்போதுதான் கண்ணை மூடியிருப்பாள்.
மீட்டர் பெட்டிக்குள் செருகியிருந்த வெள்ளை அட்டையில்
யூனிட்டை எழுதினேன், தேதி போட்டேன்,
பக்கத்தில் காலியாயிருந்த கட்டத்தில்
எண்களைவிடச் சின்ன எழுத்தில்,
வாரியம் மன்னிக்க வேண்டும்,
'சிஸ்டர், காத்தைக் கொஞ்சம் மேலே திருப்ப முடியுமா?
செடி கருகுது.'

மூன்றாம் நாள் காலை
பெட்டியின் முகத்தில்
பிஸ்கட் டின்னை வெட்டிப் பிரித்த தகடு
மேல்நோக்கி வளைந்து நின்றது,
நான்கு மூலையிலும் காயத்துக்குச் சுற்றும் துணி,
ஆஸ்பத்திரி முடிச்சு.

கருகியதைக் கத்தரித்துவிட்டேன்.
மறுபடி துளிர்க்க இருபது நாளாவது ஆகும்,
துளிர்த்தாலும் செம்பு நிறத்தில்தான் வரும்.
அந்த மருந்து இன்னும் மதியழகன் மேஜையில்.
புண்ணியமூர்த்தியைப் பார்த்தால் மட்டும்
ஏதோ வாங்கித் திருப்பாத மாதிரி இருக்கிறது.